யார் சமைத்தது என்று கேட்டது போதும்

நம் சீமையில் சோற்றைப் பார்த்ததும் முதலில் எழுகிற கேள்வி, ‘யார் சமைத்தது?’ கோயிலில் ‘யார் நுழைந்தது?’ என்பதும் அதே கேள்வியின் மறுபக்கம்தான். இராமநாதபுரம் மாவட்டத்தில், எங்கள் அபிராமத்துக்குப் பக்கத்து ஊர் கமுதி. அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காகப் போட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே இலை போட்டதுதான் 1924-25இல் பெரியாரைக் கொதிக்க வைத்தது. நூறு வருடம் ஓடிவிட்டது. 2023 செப்டம்பரில், கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும், காலை உணவைச் சமைத்த பெண் தலித் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள் பெற்றோர். பொறுப்பில் இருப்பவர்கள் நேரில் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

எந்தக் கை சமைத்தது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்த நாம், அந்தக் கை எதை எவ்வளவு போட்டது என்று கேட்டதே இல்லை. தீட்டு என்கிற இல்லாத நஞ்சுக்குப் பயந்து தட்டைத் தள்ளிவிடுகிறவர், தன் வீட்டில் அளவுக்கு மேல் கிடக்கிற உப்பைத் தன் கையாலேயே பிள்ளைக்கு ஊட்டுகிறார். பயப்பட வேண்டாததற்குப் பயந்து, பயப்பட வேண்டியதை விழுங்குகிறோம்.

அபிராமத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் உப்புமாவோ கிச்சடியோ வெண்பொங்கலோ பள்ளியில் கிடைக்கிறது. மதியம் சத்துணவு. வீட்டில் முழுச் சாப்பாடு என்பது பள்ளி நாட்களில் ராத்திரி ஒரு வேளைதான். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் நீதிக்கட்சியின் தியாகராயர் தொடங்கி, 1956இல் காமராசர் விரித்து, 1982இல் எம்.ஜி.ஆர். பெருக்கி, 2022இல் காலை உணவாக வளர்ந்த இந்த ஏற்பாட்டை நான் நெஞ்சாரப் போற்றுகிறேன். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசே ஒப்புக்கொண்டு உலை வைத்தது சாதாரணக் காரியம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன். ஒரு பிள்ளையின் மூன்று வேளையில் இரண்டு வேளையை ஒரு பொதுச் சமையலறை ஏற்றுக்கொண்டது என்றால், அந்தப் பிள்ளையின் நாக்கைப் பழக்குகிற பொறுப்பையும் அது ஏற்றுக்கொண்டது என்றுதானே பொருள்?

அரிசி கிராம் கணக்கில் நிறுக்கப்படுகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம். முட்டையை எண்ணிக் கொடுக்கிறார்கள். உப்புக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். ஆனால் அண்டாவுக்குள் விழுவது பெரும்பாலும் கைக்கணக்கு. விடுதியிலும், ஆஸ்பத்திரிச் சமையலறையிலும், கோயில் அன்னதானக் கூடத்திலும், பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸிலும் அதே கைக்கணக்குதான். ‘சப்புன்னு இருக்கு’ என்று ஒருவர் முகம் சுளித்தால் மறுநாள் ஒரு கை கூடுகிறது. கூடியது பிறகு குறைவதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறார்கள் என்று 2017-18இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாகத்தான் வேண்டும். பிரிட்டனின் நலவாழ்வுத் துறை 4 முதல் 6 வயது வரை 3 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. 7 முதல் 10 வயதுக்கு 5 கிராம். இதை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் 3 கிராமில் இரண்டு பங்கு பள்ளியில் சேர்கிறது என்றால், ஒரு வேளைக்கு 1 கிராம். நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற பாத்திரத்தில் ஒரு வேளைக்கு 100 கிராம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் 150, 160. சமைத்துப் பழகிய யாரிடமாவது இந்த அளவைக் கையில் அள்ளிக் காட்டச் சொல்லுங்கள். இவ்வளவுதானா என்று அவருக்கே திகைப்பாக இருக்கும்.

இன்றைக்குச் சாப்பிட்ட உப்பு இன்றைக்கு யாரையும் படுக்க வைப்பதில்லை. அதுதான் அதற்குப் பெரிய பாதுகாப்பு. நாற்பது வயதில் ஒருவர் கை கால் இழுத்துக்கொண்டு விழும்போது, ‘விதி’ என்கிறோம், ‘கண்ணு பட்டுருச்சு’ என்கிறோம், கண்ணேறு கழிய அதே உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். தமிழ்நாட்டுப் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாக 2020இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில் தெரிந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டு வாசலுக்கே கொதிப்பு மாத்திரை வருகிறது. நல்ல திட்டம். ஆனால் பள்ளிக்கூடத்தில் பழக்கிய நாக்குக்கு முப்பது வருடம் கழித்து வீட்டு வாசலில் மாத்திரை கொடுப்பதை மட்டுமே மருத்துவம் என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

வீட்டில் உப்பு கூடினால் சண்டை போடலாம், மோரை ஊற்றிக்கொள்ளலாம், எழுந்து போய்விடலாம். தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளைக்கும், வார்டில் படுத்திருக்கிற நோயாளிக்கும், விடுதி மாணவிக்கும், சிறைக் கைதிக்கும் அந்த வழி கிடையாது. வேறு போக்கில்லாத ஒருவருடைய தட்டில், அவரைக் கேட்காமல், அவர் உடம்புக்குக் கேடானதை வைப்பது வன்முறை என்று நான் சொல்கிறேன். மெல்ல நடக்கிறது என்பதால் அதற்கு வேறு பெயர் கொடுக்க மாட்டேன்.

இதற்குச் சமைக்கிறவரைக் குற்றவாளியாக்குவது சுலபம், நியாயம் இல்லை. ஒரு பிள்ளைக்குக் காய்கறி, தாளிப்புச் சாமான், எரிபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிடைப்பது சில ரூபாய். அந்தக் காசில் சின்ன வெங்காயம் எங்கே வாங்குவது, பூண்டு எங்கே வாங்குவது? தக்காளி விலை ஏறினால் சாம்பாரில் தக்காளி குறையும், பருப்பு நீர்க்கும். ருசி இறங்கும்போது அதைத் தூக்கி நிறுத்த மலிவாகக் கிடைப்பது உப்பு ஒன்றுதான். ஏழையின் தட்டில் உப்பு ஏறுவதற்கு முதல் காரணம் அவருடைய நாக்கு இல்லை. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் கொடுக்காத காசுதான் அங்கே உப்பாக விழுகிறது. பணக்கார வீட்டில் ஒரு குழம்புக்குப் பத்துச் சாமான் போகும்; இல்லாதவர் வீட்டில் உப்பும் புளியும் மிளகாயும் கருவாடும். பிறகு, ‘அவங்களுக்கு உப்பு ஒறைப்பா இருந்தாத்தான் பிடிக்கும்’ என்று வறுமையை ருசியாக மாற்றிப் பேசுவோம்.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று ஒரு பழமொழி இருக்கிறதே என்பீர்கள். பழமொழிக்கு ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. மருத்துவர் ‘உப்பைக் குறைங்க’ என்று சொல்லும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனத்தில் அந்தப் பழமொழிதான் ஜெயிக்கிறது. உப்பில்லாமல் நாக்கு ஏற்காது என்பது உண்மையா? கும்பகோணம் பக்கம் திருநாகேசுவரத்தில் ஒப்பிலியப்பன் கோயில் இருக்கிறது. புராணக் கதை ஒன்றின்படி அங்கே பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் தளிகை. அந்தப் பிரசாதத்தை ஆயிரக்கணக்கானவர்கள் கையேந்தி வாங்கி, முகம் சுளிக்காமல், ருசியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். உப்பு தெரியவே இல்லை என்று வியக்கிறார்கள். பெருமாளின் அற்புதம் என்று நீங்கள் நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள். எனக்கு அது மனித நாக்கின் இயல்பைக் காட்டுகிறது: தயாரான மனத்தோடு உட்கார்ந்தால் நாக்கு ஒத்துப்போகிறது. புராணக் கதை ஒன்றுக்காக உப்பை விட முடிந்த நம்மால், பெற்ற பிள்ளையின் இரத்தக் குழாய்க்காக அதில் பாதியை விட முடியாதா?

காந்தியைச் சொல்லி உப்பைப் புனிதமாக்குகிறவர்களும் உண்டு. 1930இல் அவர் தண்டிக்கு நடந்தார், இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அது உப்பின் மேல் போட்ட வரிக்கு எதிரான நடை. அந்தக் காந்தியேதான் தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாவின் உடல்நலத்துக்காக உப்பை விடுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது தானும் உப்பை விட்டு, வருடக்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிட்டவர். உப்புக்கான உரிமையும் உப்புக்கு அடிமையாவதும் வேறு வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது இன்னொரு புதுப் பக்தி கிளம்பியிருக்கிறது. கல்லுப்பு நல்லது, தூள் உப்புதான் கெட்டது. இந்துப்பு இமயமலையில் விளைந்தது, அதை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். இளஞ்சிவப்பாக இருப்பதால் அது மருந்தாகிவிடாது. அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பில் அயோடின்கூடச் சேர்க்காத வகைகளும் உண்டு. நாலு மடங்கு காசு கொடுத்து வாங்கினாலும் இதயத்துக்கு அது உப்பேதான்.

சரி, உப்பைக் குறைத்தால் சாப்பாடு வாயில் வைக்க விளங்காதே, பிள்ளைகள் கொட்டிவிடுமே என்று சமைக்கிறவர்கள் கேட்பார்கள். இது நேர்மையான கேள்வி. வெறுமனே குறைத்தால் தோற்போம் என்பதற்குச் சான்றே இருக்கிறது. சீனாவில் 48 முதியோர் இல்லங்களின் சமையலறைகளில் இரண்டு வருடம் ஓர் ஆய்வு நடந்து, 2023இல் முடிவு வெளியானது. சில இல்லங்களுக்குக் கொடுக்கிற உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை. வேறு சிலவற்றில் சோடியத்தைக் குறைத்து, பொட்டாசியம் குளோரைடும் எட்டில் ஒரு பங்கு உலர்ந்த சுவைப்பொருட்களும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். அங்கே மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது; மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நூற்றுக்கு நாற்பது அளவு குறைந்தன. பொட்டாசியத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் சமையலறைக்கு நான் எடுத்துக்கொள்கிற பாடம், எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும் என்பது.

அப்படியானால் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பொட்டாசியம் உப்பையே வாங்கிவிடலாமே? நம் மாவட்டத்திலேயே, வாலிநோக்கத்தில், தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. 1974இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் சத்துணவுக்கு இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைத் தருகிறது. 2014இல் வந்த அம்மா உப்பில் சோடியம் குறைந்த வகை ஒன்றும் இருந்தது, மூன்று வகையில் அதுதான் விலை கூடியது. ஆனால் உலக நலவாழ்வு நிறுவனம் 2025இல் பொட்டாசியம் உப்பைப் பரிந்துரைத்தபோது, பெரியவர்களின் வீட்டுச் சமையலுக்கு என்று வரையறுத்தது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் விலக்கி வைத்தது. எனவே பள்ளி அண்டாவுக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. நிறுத்து நிறுத்துக் குறைப்பதும், குறைந்த இடத்தை மணத்தாலும் புளிப்பாலும் காரத்தாலும் நிரப்புவதும்தான் வழி.

இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். அமெரிக்காவின் பால்டிமோரில் 55 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளிவந்த ஆய்வில், மூலிகையும் மசாலாவும் கொண்டு சமைக்கக் கற்றுக்கொண்டவர்கள், கற்காதவர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 950 மில்லிகிராம் சோடியம் குறைவாகச் சாப்பிட்டார்கள். உப்புக் கணக்கில் அது சுமார் 2.4 கிராம், அரைத் தேக்கரண்டிக்கு ஒட்டி வரும். சீனாவில் 606 பேரிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, காரத்தை விரும்புகிறவர்கள் உப்பைக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்றும், காரமும் உப்பும் மூளையில் ஒரே பகுதிகளைத் தூண்டுகின்றன என்றும் சொன்னது. இதை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது. நம் ஆட்கள் காரத்தோடு உப்பையும் சேர்த்தே ஏற்றுகிறவர்கள். ஆனால் மிளகாய் உப்பின் வேலையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

ஏனென்றால் நாம் இருப்பது மிளகாய் மண்ணில். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி வட்டாரத்துக் கரிசலில் விளையும் குண்டு மிளகாய்க்கு ‘இராமநாதபுரம் முண்டு’ என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த தோலும் நல்ல நிறமும் எண்ணெயில் பொரிந்ததும் எழும் மணமும் அதன் சிறப்பு. மல்லியும் இந்தப் பக்கம் விளைகிறது. நாற்பது மைல் சுற்றளவுக்குள் உப்பும் இருக்கிறது, உப்பைக் குறைக்கத் தேவையானதும் இருக்கிறது. முதலாவது மட்டும் பள்ளிச் சமையலறைக்குத் தவறாமல் வந்து சேர்கிறது.

செய்முறையில் வித்தை ஒன்றும் கிடையாது. கறிவேப்பிலையை முழு இலையாகத் தாளித்தால் பிள்ளைகள் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடும். காயவைத்து வறுத்துப் பொடித்துப் போட்டால் சோற்றோடு உள்ளே போகும். மல்லியை வாசம் வரும்வரை வறுத்துக் கரகரப்பாகத் திரிக்க வேண்டும். சீரகம், மிளகு, பூண்டு, கொஞ்சம் குண்டு வத்தல். சின்னப் பிள்ளைகளுக்கு வத்தலின் விதையைத் தட்டிவிட்டால் மணம் நிற்கும், காரம் தணியும். புளியோ எலுமிச்சையோ கடைசியில் சேர்ந்தால் இருக்கிற உப்பு எடுப்பாகத் தெரியும். உப்பையும் பாதியைச் சமைத்து முடித்த பிறகு மேலாகக் கலந்தால் குறைந்த உப்பே நாக்குக்குப் போதும். நம் ஊர்க் கிணறுகளில் பலவற்றில் தண்ணீரே உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் சமைத்தால் முதல் சிட்டிகை ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று கணக்கில் வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் அரசுக்குப் புதிதில்லை. 2013இல் வந்த சத்துணவுப் பட்டியலில் கறிவேப்பிலை சாதம் இருக்கிறது, எலுமிச்சை சாதம் இருக்கிறது, மிளகு முட்டை இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் அண்டாவில் வேகிற நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். வெந்தயம், பூண்டு, இஞ்சி, புதினா, மல்லித்தழை, தேங்காய்ப்பால் என்று அத்தனை மணமும் அதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே பாத்திரத்தில் மணமாகச் சமைக்க முடியாது என்று அபிராமத்தில் யாரும் சொல்ல முடியாது.

குறைப்பது மெதுவாக இருக்க வேண்டும். பிரிட்டனில் ரொட்டி செய்கிற கம்பெனிகள் பத்து வருடத்தில் உப்பை ஐந்தில் ஒரு பங்கு இறக்கின; வாங்கினவர்கள் ருசி போய்விட்டது என்று ரொட்டியை விட்டுவிடவில்லை. பிலடெல்பியாவில் 1982இலேயே செய்த சோதனையில், சில மாதம் குறைந்த உப்பில் பழகியவர்களுக்குப் பழைய அளவு கரிக்கத் தொடங்கிவிட்டது. பருவத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் இரண்டு கல்வியாண்டுக்குள் பிள்ளைகள் அறியாமலேயே பாதை மாறிவிடும்.

மூலிகை என்றதும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை கொதிப்பைத் தீர்க்காது. மல்லி இரத்தக் குழாயைச் சுத்தம் செய்யாது. உப்பு இறங்கும்போது நாக்குக்குத் துணையாக நிற்பதுதான் அவற்றின் வேலை. உப்பைக் குறைக்காமல் மேலே பொடியைத் தூவினால் ஒரு பயனும் இல்லை. கடையில் வாங்குகிற மசாலாப் பாக்கெட் பலவற்றில் உப்பும் கலந்திருக்கிறது. ‘மூலிகை உப்பு’ என்று விற்பதும் உப்புதான். நம் கடலோரத்தில் முளைக்கிற உமரியிலிருந்து செய்கிற தாவர உப்பில்கூடப் பெரும்பகுதி சோடியம் குளோரைடு.

உப்பைக் குறைத்தால் அயோடின் குறையுமே என்பது அறிவுள்ள மறுப்பு. இப்போதைய விதிப்படி வீட்டுக்கு வந்து சேர்கிற உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருந்தால் போதும். ஐந்து கிராமில் 75தான் கிடைக்கும். பெரியவருக்கு 150 வேண்டும். ஆகவே உப்பு இறங்க இறங்க அதில் சேர்க்கும் அயோடினைக் கூட்ட வேண்டும். உப்பைத் தயாரிப்பதும் அரசு, வாங்குவதும் அரசு, முடியாத காரியமா? வெயிலில் வேர்த்துக் கொட்டுகிற ஊரில் உப்பு வேண்டாமா என்பது மற்றொன்று. உப்பளத்தில் வாருகிறவருக்கும் மிளகாய்க் காட்டில் குனிந்து பறிக்கிறவருக்கும் கணக்கு கொஞ்சம் மாறலாம். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

எல்லாவற்றையும்விட உறுதியாக நம் வாயை அடைப்பது இன்னொரு பழமொழி: உப்பிட்டவரை உள்ளளவும் நினை. இலவசமாகச் சாப்பிடுகிறவன் குறை சொல்லக்கூடாது என்று அது பழக்கி வைத்திருக்கிறது. மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஆணையிட்டது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. அது யாருடைய தானமும் இல்லை. வரிப்பணத்தில் வேகிற சோறு. நன்றிக்கடன் என்ற பெயரில் கேள்வியைக் கைவிட்டால், பிள்ளையின் உடம்பை அடகு வைக்கிறோம்.

அதனால் அபிராமத்துப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சமையலர் என்ன சாதி என்று மனத்துக்குள்கூடக் கேட்காதீர்கள். அவருக்கு ஒரு தராசும், வறுத்துத் திரித்த பொடிக்கு மாதாமாதம் தனிக் காசும் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். வத்தலையும் மல்லியையும் தையில் தொடங்கி சித்திரை வரை உள்ளூர்ச் சம்சாரியிடமே நேராக வாங்கலாம். அன்றைய உணவுப் பட்டியல் எழுதுகிற பலகையில், கிச்சடி, சாம்பார் என்பதற்குக் கீழே, இன்று எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கிராம் உப்பு போட்டார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியும்; தன் பங்கு எவ்வளவு என்று அவளே போட்டுப் பார்த்துக்கொள்வாள்.